ஆக்கள் பிந்தி வந்தாலும் சொதி திரையாம இருக்க

நல்லூர் திருவிழா நேரம் வீட்டுக்கு சொந்தக்காரர் வந்தா காலமச் சாப்பாடு பத்து, பதினொரு மணிக்குத்தான் நடக்கும், அதுவும் எல்லாரும் ஒண்டா இருந்து சாப்பிடமாட்டினம், கோயிலால ஒவ்வொருத்தரா வருவினம். இடியப்பம் ஆறினாலும் பரவாயில்ல, சொதிய திருப்பித் திருப்பி சூடாக்கினா திரைஞ்சிடும்.

இப்பிடிச் செய்யுங்கோ. ஒரு முழுத் தேங்காய்ப் பூவ மூண்டுதரம் பிழிஞ்சு முதல்பால தனிய ஃப்ரிட்ஜ்ஜில வையுங்கோ. மிச்ச ரெண்டு பாலிலயும் சின்ன வெங்காயம், கீறின பச்சமிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், உப்பு போட்டு வெங்காயம் மெத்தெண்டு வரும்வரைக்கும் அவிய விடுங்கோ. இதோட நிப்பாட்டுங்கோ. இத எத்தின தரம் சூடாக்கினாலும் பெருசா பிழைக்காது. சின்னப் பிள்ளையள் இருந்தா ஒரு உருளைக்கிழங்க அவிச்சு மசிச்சு விடுங்கோ, சொதி கொஞ்சம் தடிப்பா வரும், உறைப்பும் குறையும்.

ஆக்கள் வந்து கைகழுவேக்க, தேவையான அளவ சின்னச் சட்டியில எடுத்து, முதல்பால விட்டு, மெல்லிய நெருப்பில துழாவிக்கொண்டே நிண்டு ஓரத்தில நுரை கட்டத் தொடங்கினதும் இறக்குங்கோ, கொதிக்க விடவே கூடாது. தேசிக்காய்ப் புளி அடுப்பால இறக்கி சூடு கொஞ்சம் தணிஞ்சாப் பிறகுதான், கொதிக்கிற பாலில புளி பட்டா உடன திரையும், கச்சலும் வரும்.

பக்கத்தில செத்தல் மிளகாய் இடிச்ச சம்பல் கட்டாயம் வையுங்கோ, மிக்சியில அடிக்காம உரலில இடிச்சா இன்னும் நல்லம்.