உங்க நூலகத்தையோ மியூசியத்தையோ ஐஐஐஎஃப் கன்சார்டியத்துல உறுப்பினரா சேர்க்கிறது எப்படி

எங்க நிறுவனத்துல இந்த வேலையை முழுசா முடிச்சுட்டேன், அதான் சூட்டோட எழுதி வெச்சுடறேன். ஐஐஐஎஃப் (IIIF)னா நூலகம், மியூசியங்களோட டிஜிட்டல் படங்களை எந்த சைட்லேர்ந்தும் எடுத்து ஒரே மாதிரி காட்டறதுக்கான பொதுத் தரநிலை. மேனிஃபெஸ்ட்னா ஒரு பொருளோட படங்கள், அதோட வரிசை, விவரம் எல்லாம் எழுதின ஃபைல். இதுக்கு மேல அடிப்படை விளக்கத்துக்குள்ள போகல.

முதல்ல ஒண்ணு. இந்த ஸ்டாண்டர்டை யூஸ் பண்ண உறுப்பினரா இருக்கணும்னு அவசியமே இல்ல. ஸ்பெக் (தரநிலையோட விதிகள்) எல்லாம் ஓப்பனா இருக்கு, கிட்ஹப் தளத்துல யார் வேணா இஷ்யூ (பிரச்சனை, யோசனை) போடலாம், கம்யூனிட்டி கால்ல (ஆன்லைன் கூட்டம்) யார் வேணா வந்து உக்காரலாம். 2015ல 11 நிறுவனங்கள் சேர்ந்து கன்சார்டியம்ங்கிற கூட்டமைப்பை ஆரம்பிச்சாங்க, பிரிட்டிஷ் லைப்ரரி, ஸ்டான்ஃபோர்டு எல்லாம் அதுல உண்டு. உறுப்பினர்கள் வருஷா வருஷம் கட்டுற பணத்துலதான் முழுநேரமா இதைப் பாத்துக்கிற சின்ன டீம் ஓடுது. இதை மனசுல வெச்சுக்கோங்க, மூணாவது ஸ்டெப்ல தேவைப்படும்.

ஸ்டெப் 1: ஒரே ஒரு பொருளை ஒழுங்கா வெளியிடுங்க

மொத்த கலெக்‌ஷனையும் மாத்திட்டு அப்புறம் சேரலாம்னு காத்திருந்தா அது நடக்கவே நடக்காது. ஒரு சுவடியோ ஒரு மேப்போ போதும். கலெக்‌ஷன் சின்னதுன்னா லெவல் 0 (தரநிலையோட ரொம்ப எளிமையான நிலை) போதும், டைல்ஸை (படத்தோட சின்னச் சின்னத் துண்டுகளை) முன்கூட்டியே வெட்டி ஃபோல்டர்ல போட்டுட்டா தனியா இமேஜ் சர்வரே வேண்டாம். பெருசுன்னா என் ஓட்டு கேண்டலூப்ங்கிற இமேஜ் சர்வருக்கு. படத்தைத் திறந்து காட்டுற வியூவர்ல மிராடர்தான் எனக்குப் பிடிக்கும், ரெண்டு பொருளைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கலாம், பின்னால மேலதிகாரிகிட்ட காட்டறதுக்கு அதுதான் உதவும்.

சோதிக்கிறப்ப உங்க சைட்டுக்குள்ளயே திறந்து பாத்துட்டு விட்டுடாதீங்க. வேற எங்கயோ ஓடுற வியூவர்ல உங்க மேனிஃபெஸ்ட் லிங்கைப் போடுங்க. அங்க வெறும் கட்டம்தான் வருதுன்னா பெரும்பாலும் கார்ஸ் (CORS) பிரச்சனை, சர்வர் அனுப்புற ஹெடர்ல மத்த டொமைன்களுக்கு அனுமதி குடுத்திருக்க மாட்டாங்க. ஐடி ஆளுங்க செக்யூரிட்டின்னு தயங்குவாங்க, பொதுவுக்குத் திறந்து வெச்ச படத்துக்கும் மேனிஃபெஸ்ட்டுக்கும் மட்டும் அனுமதி குடுத்தா போதும்னு சொல்லுங்க.

ஸ்டெப் 2: காசு கட்டுறதுக்கு முன்னாடி உள்ள போய்ப் பாருங்க

ஸ்லாக்ல (அவங்களோட சாட் தளம்) சேருங்க, கம்யூனிட்டி கால்ல கலந்துக்கோங்க. மியூசியம், செய்தித்தாள், மேப், ஆடியோ வீடியோ, முப்பரிமாணம்னு தனித்தனி குரூப் இருக்கு. உங்க கலெக்‌ஷனுக்கு எது பொருந்துதோ அதுல மட்டும் தொடர்ந்து போனா போதும், எல்லாத்துலயும் தலையைக் குடுத்தா எதுலயும் நிக்க முடியாது.

ஸ்டெப் 3: ஆபீஸ்ல ஒப்புதல் வாங்குறது

எல்லாரும் சிக்கிக்கிற இடம் இதுதான். டெக்னிக்கல் வேலையை விட இதுக்குத்தான் அதிக நாள் ஆகும். ஃபைனான்ஸ்ல கேக்குற முதல் கேள்வி, "சும்மா கிடைக்கிறதுக்கு எதுக்குப் பணம்?" நியாயமான கேள்விதான், அதை மழுப்பிட்டு "உலகத்தரம், பெருமை"ன்னு எழுதினா ஃபைல் திரும்பி வந்துடும். கேள்வியை நீங்களே குறிப்புல எழுதி பதிலும் சொல்லிடுங்க. நான் எழுதின பத்தி இதோ, மாத்திப் போட்டுக்கோங்க:

"இத்தரநிலையைப் பயன்படுத்தக் கட்டணம் ஏதும் இல்லை. உறுப்பினராகாவிட்டாலும் நமது படங்கள் இன்று போலவே இயங்கும். ஆனால் நமது மின்னாக்கச் சேவை முழுவதும் இதை நம்பியே உள்ளது. இதைப் பராமரிப்போருக்கான செலவில் நமது பங்கை ஏற்பதும், கன்சார்டியத்தின் முடிவுகளில் நமது தேவைகளை எடுத்துரைப்பதுமே இந்த உறுப்பினர் சேர்க்கையின் நோக்கம்."

இதோட ஒரு டெமோ காட்டுங்க. ஃபிரான்ஸ்ல ஷாத்தோரு நகர நூலகத்துல ஒரு பழைய வரலாற்றுச் சுவடி இருக்கு, அதுலேர்ந்து சில ஓவியங்களை எப்பவோ வெட்டி எடுத்துட்டாங்க, வெட்டின துண்டுகள் அந்த நாட்டுத் தேசிய நூலகத்துல இருக்கு. பக்கம் ஒரு இடத்துலேர்ந்தும் ஓவியம் இன்னொரு இடத்துலேர்ந்தும் வந்து, வியூவர்ல ஓட்டை இருந்த இடத்துலயே சரியா உக்காரும். இதைப் பாத்ததும் எங்க இயக்குநர் நிமிர்ந்து உக்காந்து நம்ம சுவடிகள்ல இப்படிப் பிரிஞ்சு கிடக்கிறது எதெல்லாம்னு கேட்க ஆரம்பிச்சுட்டாங்க, அதுக்கப்புறம் ஃபைல் வேகமா நகர்ந்துச்சு.

கட்டணத் தொகையை யார் சொல்லியும் எழுதாதீங்க, அதிகாரப்பூர்வ பக்கத்துல அன்னைக்கு இருக்கிறதைப் பாத்துப் போடுங்க. வருஷச் சந்தாங்கிறதால எந்தக் கணக்குத் தலைப்புல வரும்னு முதல்லயே ஃபைனான்ஸ்ல பேசிடுங்க. ப்ராஜெக்ட் மானியத்துல போட்டா ப்ராஜெக்ட் முடியுறப்ப உறுப்பினர் பதவியும் போயிடும்.

ஸ்டெப் 4: கையெழுத்து

சேர்றதுக்குக் கன்சார்டியத்தோட போடுற புரிந்துணர்வு ஒப்பந்தத்துல நிறுவனத்தோட சார்பா கையெழுத்துப் போடுற அதிகாரம் இருக்கிறவங்கதான் போடணும். அது துறைத் தலைவரா, பதிவாளரா, இயக்குநரான்னு முன்னாடியே விசாரிச்சு வெச்சுக்கோங்க. சட்டப்பிரிவு இருந்தா ஸ்டெப் 3 ஓடுறப்பவே டிராஃப்டை அவங்ககிட்ட குடுத்துடுங்க.

அப்டேட்: "எங்க மேனிஃபெஸ்ட் எல்லாம் பழைய 2 வர்ஷன், சேர்றதுக்கு முன்னாடி மாத்தணுமா?"ன்னு சிலபேர் கேட்டிருந்தீங்க. வேண்டாம். தரநிலையோட 3.0 வந்தது 2020ல, மிராடர் 3 ரெண்டையும் படிக்கும். புதுசா பண்றதை மட்டும் 3ல பண்ணுங்க. ஒரே ஃபைல்ல ரெண்டு வர்ஷனையும் கலக்காதீங்க. இமேஜ் லிங்க்ல முழு அளவு கேக்குறதுக்கு 2ல "ஃபுல்"னு போட்டிருப்பீங்க, 3ல அந்த இடத்துல "மேக்ஸ்"னுதான் போடணும்.

இன்னொரு அப்டேட்: பிரதிநிதியா யாரைப் போடறதுன்னும் கேட்டாங்க. மேனிஃபெஸ்ட்டைக் கையால தொட்டவங்களைப் போடுங்க, பதவியில பெரியவங்க கையெழுத்தோட நிக்கட்டும். தொடர்பு மெயிலுக்குத் தனிநபர் ஐடி குடுக்காம துறைக்குப் பொதுவான ஐடி குடுங்க. ஆள் மாறிப் போனதும் அடுத்த வருஷ இன்வாய்ஸ் யாரும் திறக்காத இன்பாக்ஸ்ல போய் விழுந்துட்டா, புதுப்பிக்கிறது விட்டுப்போயிடும்.