டைமிங் செயின் மாற்றும்போது மார்க்கில் ஏமாறும் இடங்கள்

செயின் மாற்றிய வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது ஸ்டார்ட் ஆகியும் நடுங்குகிறது என்றால், பெங்களூரு சிவாஜிநகர் பக்கத்து ஷெட்டில் பையனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "எந்த மார்க்கைப் பார்த்து வச்சே?" என்பதுதான். சரியான கேள்வி. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டையும் இணைப்பது டைமிங் செயின்; இரண்டும் பொருந்தி நிற்கப் பார்த்து வைக்கும் அடையாளம்தான் மார்க். செயினை மாட்டத் தெரியாமல் கெடுப்பவர்கள் குறைவு. தப்பான மார்க்கை, அல்லது சரியான மார்க்கைத் தப்பான நேரத்தில் நம்புகிறவர்கள்தான் அதிகம்.

முதல் ஏமாற்றுக்காரன் கிராங்க் புல்லி. அதில் இக்னிஷனுக்கு ஒரு கோடு, டி.டி.சி.க்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) ஒரு கோடு என்று இரண்டு இருக்கலாம். பல புல்லிகளில் வெளி வளையம் ரப்பரில்தான் ஒட்டியிருக்கும். ரப்பர் விட்டால் கோடும் கூடவே நகர்ந்துவிடும். அதனால் கவரைக் கழற்றியதும் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் மாட்டும் பல் சக்கரம்) புள்ளியையும், அதை ஷாஃப்ட்டில் பூட்டும் சாவியையும் பாருங்கள். பிளக் ஓட்டையில் ஸ்க்ரூடிரைவர் விட்டு உச்சி பார்ப்பதும் உதவாது: உச்சிக்கு அருகில் கிராங்க் சில டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் அசைவதே தெரியாது. அப்புறம், எல்லா இன்ஜினிலும் மார்க் டி.டி.சி.யில்தான் இருக்கும் என்றும் இல்லை. அந்த இன்ஜினின் மேனுவல் கையில் இல்லாமல் தொடங்காதீர்கள்.

செயின் இல்லாத நேரத்தில் கேமைத் திருப்ப வேண்டியிருந்தால், நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க்கை டி.டி.சி.யிலிருந்து 90 டிகிரி தள்ளி வையுங்கள். நான்கு பிஸ்டனும் ஏறத்தாழ நடுவில் நிற்கும், வால்வு இடிக்காது.

அடுத்தது தொய்வு. செயினைத் தள்ளி இறுக்கும் டென்ஷனரை அடக்கி வைத்திருக்கும் பின்னை உருவுவதற்கு முன் மார்க் நேராக இருந்ததைப் பார்த்துவிட்டுக் கவரை மூடிவிடுகிறார்கள். டென்ஷனர் இல்லாத பக்கத்தில், அதாவது கிராங்க் இழுக்கும் பக்கத்தில், செயின் விறைப்பாக இருக்க வேண்டும். அங்கே தொய்வு இருந்தால், டென்ஷனர் தள்ளியதும் கேம் அந்த அளவுக்குத் திரும்பிவிடும். ஒரு பல் என்பது சின்ன விஷயமில்லை: கிராங்க்கில் 20 பல், கேமில் 40 பல் என்றால், ஒரு பல் தப்பினால் கிராங்க் கணக்கில் 18 டிகிரி.

பின்னை உருவிய பிறகு கிராங்க் போல்ட்டில் ராட்செட் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது கெட்டியாக நின்றால் நிறுத்திவிடுங்கள். பலம் போட்டால் வளைவது வால்வு. ஸ்டார்ட்டரில் அடித்துப் பார்ப்பது அதைவிட மோசம்.

சரி, இரண்டு சுற்று முடிந்தது. ஸ்ப்ராக்கெட் மார்க்குகள் நேராக இருக்கின்றன, ஆனால் மாட்டும்போது மார்க்கோடு சேர்த்து வைத்த, செயினின் கலர் லிங்க்குகள் எங்கோ போய்விட்டன. இங்கேதான் பலர் பதறி, சரியாக மாட்டியதைத் திரும்பக் கழற்றுகிறார்கள். கலர் லிங்க் நகர்ந்திருப்பது தவறே இல்லை. செயினில் 130 லிங்க், கிராங்க்கில் 20 பல், கேமில் 40 பல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்றில் செயின் 40 லிங்க் மட்டுமே நகரும். கலர் லிங்க்குகள் மறுபடி அதே பல்லில் வந்து உட்கார கிராங்க் 26 சுற்றுச் சுற்ற வேண்டும். கலர் லிங்க் மாட்டும்போது மட்டுமே துணை. அப்புறம் பார்க்க வேண்டியது ஸ்ப்ராக்கெட் மார்க்குகளைத்தான். ஆனால் மாட்டும்போது அந்தத் துணை தப்பாக இருக்கக் கூடாது. அதனால்தான் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் புதுச் செயின் வாங்கும்போதே பழையதைக் கையோடு கொண்டுபோய், பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்து, கலர் லிங்க்குகளுக்கு நடுவே எத்தனை லிங்க் என்று எண்ணிப் பார்த்துவிட வேண்டும்.

வி.வி.டி. (ஓடும்போதே வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) உள்ள இன்ஜினில் கேம் ஸ்ப்ராக்கெட் அதன் பூட்டு நிலையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வேலை முடிந்து செக் லைட் எரிந்து பி0016 என்ற பிழைக் குறியீடு வந்தால், கிராங்க்கும் கேமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று அர்த்தம். சென்சர் வாங்க ஓடுவதற்கு முன் வால்வு கவரைக் கழற்றி மார்க்கைப் பாருங்கள்.