கைக்குழந்தைக்கு அணிமணி: வாங்கும்போதும் தைக்கும்போதும் பூட்டும்போதும் செய்ய வேண்டிய சோதனைகள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நடந்து போனால், பூ வைத்த தலைப்பட்டை, சலங்கைக் கொலுசு, கறுப்பு வளையல், சரிகைப் பாவாடை என்று கைக்குழந்தைகளுக்கான பொருள்கள் கடை வாசல்தோறும் தொங்குவதைக் காணலாம். முதல் குழந்தையைப் பெற்றவர்கள் அங்கே நின்று திகைத்துப் போவது இயல்பு. ஜார்ஜ்டவுனில் குழந்தை உடைகள் தைத்துக் கொடுத்து வருபவள் என்ற முறையில், நான் கடைப்பிடிக்கும் சோதனைகளை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

இந்தச் சோதனைகளை நான் தொடங்கியதற்கு ஒரு கொலுசு காரணம். என் அக்கா மகளுக்கு ஆறு மாதம் நடந்தபோது, நானே பார்த்து வாங்கிக் கொடுத்த வெள்ளிக் கொலுசின் சலங்கை ஒன்று கழன்று, அவளுடைய கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுங்கிக் கிடந்தது. நல்ல வேளையாக அது கண்ணில் பட்டதால் அக்கா உடனே எடுத்துவிட்டார். மிளகைவிடச் சற்றே பெரிய அந்த உருண்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான், கொலுசோடு அதைச் சேர்த்திருந்த வளையம் முழுமையாகப் பற்றவைக்கப்படாமல், ஒரு நூலிழை அளவு வாய் திறந்திருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து எந்த அணிமணியைக் கையில் எடுத்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது கழன்றாலோ நழுவினாலோ எங்கே போய்ச் சேரும்? வாய்க்கோ கழுத்துக்கோ போகும் என்றால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்ப வைத்துவிடுகிறேன்.

படி 1: அளவைப் பாருங்கள்

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொருள்களைச் சோதிக்க அமெரிக்க விதிகளில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை பயன்படுகிறது. அதற்குள் முழுமையாக அடங்கும் எந்தப் பொருளும், உடைந்து விழும் எந்தத் துண்டும், தொண்டையை அடைக்கக்கூடியது என்று கொள்ளப்படும். வீட்டில் அந்த உருளை இருக்காது; கழிவறைத் தாள் சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாய் இருக்கும். அதன் வாய் சற்று அகலம் என்பதால் சோதனையும் சற்றுக் கடுமையாகவே அமையும். மணி, முத்து, பொத்தான், சலங்கை எதுவாக இருந்தாலும் அந்தக் குழாய்க்குள் புகுந்து வெளியே வந்தால், அது தனியாகக் கழன்று வர வாய்ப்பே இருக்கக் கூடாது.

படி 2: இழுத்துப் பாருங்கள்

ஐரோப்பியப் பொம்மைத் தரவிதியில் 6 மில்லிமீட்டர் வரையுள்ள சிறு உறுப்புகளை 50 நியூட்டன் விசையாலும், அதைவிடப் பெரியவற்றை 90 நியூட்டன் விசையாலும் இழுத்துச் சோதிக்கிறார்கள். முன்னது ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பிடிக்கும் விசைக்கு ஏறக்குறையச் சமம். பின்னது பத்துக் கிலோ பைக்குச் சற்றே குறைவு. ஆகவே கடையில் கூச்சப்படாமல் பூவையும் மணியையும் இரண்டு விரல்களால் இறுகப் பிடித்து, நேராகவும் பக்கவாட்டிலும் முறுக்கி இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால், அந்தப் பொருளைப் பற்றி அவருக்கே நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். சூடான பசையால் ஒட்டிய கல்லும் முத்தும் நம் ஊர் வெக்கையிலும் குழந்தையின் எச்சிலிலும் நாளடைவில் விட்டுவிடும் என்பதால், ஒட்டியவற்றை நான் வாங்குவதே இல்லை.

படி 3: உலோகத்தைக் கேட்டறியுங்கள்

இங்கே நகைக்கடைகளில் 916 என்று முத்திரையிட்டு விற்பது 22 காரட் தங்கம். 925 என்ற வெள்ளியில் 92.5 விழுக்காடு வெள்ளியும் மீதி பெரும்பாலும் செம்பும் இருக்கும். இரண்டுமே பெரும்பாலான குழந்தைகளின் தோலுக்கு ஒத்துப்போகும். என்ன கலந்தது என்று சொல்ல முடியாத மலிவுக் கவரிங் நகைகளில்தான் எனக்கு அச்சம்: நிக்கல் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும், ஈயம், சப்பும் குழந்தையின் உடலுக்குள் போய் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். புகைப்படத்துக்கு மட்டும்தானே என்று வாங்கினாலும், குழந்தை அதைச் சப்பாமல் இருக்கப் போவதில்லை.

படி 4: தலைப்பட்டையை நீங்களே தையுங்கள்

ரப்பர் பட்டை நெற்றியில் சிவந்த கோடு போடுவதும், அதன் அடியில் வியர்த்து வேர்க்குரு கிளம்புவதும் இந்தத் தட்பவெப்பத்தில் சாதாரணம். ஆகவே ரப்பரே இல்லாமல், பழைய பருத்தி டீ-சட்டைத் துணியில் தைப்பது நல்லது. பலமுறை துவைத்து மெத்தென்று ஆன சட்டையாக இருந்தால் இன்னும் சிறப்பு.

முதலில் குழந்தையின் தலையைப் புருவத்துக்கும் காதுகளுக்கும் சற்று மேலாக, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். பிறந்த குழந்தைக்கு இது பெரும்பாலும் 34 அல்லது 35 சென்டிமீட்டர் இருக்கும்; ஆறு மாதத்தில் 43-ஐ ஒட்டி வந்துவிடும். ஆகவே ஒரு முறை தைத்ததை ஆண்டு முழுவதும் போடலாம் என்று எண்ண வேண்டாம். தலையளவு 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், துணி இழுபடும் திசை நீளவாக்கில் வருமாறு, 40 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பட்டையை வெட்டுங்கள். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி நீளவாக்கில் மடித்து, ஓரத்திலிருந்து அரை சென்டிமீட்டர் விட்டுத் தைத்து, குழாய் போன்ற அதை உள்வெளியாகத் திருப்புங்கள். பிறகு இரு முனைகளையும் ஒரு சென்டிமீட்டர் உள்ளே விட்டுச் சேர்த்துத் தைத்தால், தலையளவைவிட 2 சென்டிமீட்டர் குறைவான வளையம் கிடைக்கும். துணி இழுபடும் என்பதால் அது இறுக்காது. போட்ட பின் உங்கள் இரண்டு விரல்கள் அதனடியில் தாராளமாக நுழைய வேண்டும். ஆனால் குழந்தை தலையை ஆட்டினால் கண்வரை இறங்கிவிடும் அளவுக்குத் தளர்வாகவும் இருக்கக் கூடாது.

அலங்காரத்துக்கு மணியோ முத்தோ வேண்டாம். ஒரே துணியில் வெட்டிய இதழ்களை அடுக்கி, நடுவில் நூலாலேயே முடிச்சுத் தையல் போட்டுப் பூவின் மகரந்தத்தைக் காட்டலாம். மாம்பழ மஞ்சள் துணியில் குங்குமச் சிவப்பு நூலால் ஏழெட்டு முடிச்சுகள் போட்டால், தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பவளம் கோத்ததுபோல் தெரியும். உட்பக்கத்தில் நூல்முனைகளை ஒட்ட வெட்டிவிடுங்கள். தளர்ந்த நூலோ தலைமுடியோ விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டத்தையே தடுத்துவிடும். காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டு அழும்போது கை, கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

படி 5: வழக்கமான அணிகளை வழக்கத்துக்குக் குறைவில்லாமல் மாற்றுங்கள்

பாட்டிமார்களோடு சண்டை வேண்டாம்; இடத்தையும் முறையையும் மாற்றினால் போதும். அரைஞாண் கயிறு இடுப்பில் இருப்பதால் கழுத்துச் சங்கிலியைவிட எவ்வளவோ மேல் என்பேன். ஆனால் முதல் மாதங்களில் குழந்தை வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் வரை எடை கூடும் என்பதால், வாரம் ஒருமுறை விரலை நுழைத்துப் பார்த்துத் தளர்த்திக் கட்ட வேண்டும். டயாப்பரின் பட்டை கயிற்றின்மேல் அழுந்தாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கொலுசு வேண்டுமென்றால் சலங்கை இல்லாததாக, கொக்கி துணியில் மாட்டாத வழவழப்பானதாகத் தேர்ந்தெடுங்கள். ஐந்தாறு மாதத்தில் குழந்தை தன் காலைத் தானே பிடித்து வாயில் வைத்துக்கொள்ளும்; அப்போது காலில் உள்ளதெல்லாம் வாயில் உள்ளதாகவே கணக்கு. வசம்பு வளையலும் இதே காரணத்தால் வேண்டாம்; காய்ந்த துண்டு எச்சிலில் ஊறி உடையும்.

திருஷ்டிப் பொட்டை ஒட்டும் பொட்டாக வைக்காதீர்கள். வியர்வையில் உரிந்து நேரே வாய்க்குத்தான் போகும். கண்ணுக்குள் மை தீட்டுவதையும் விட்டுவிடுங்கள். சுர்மா போன்ற சில மைகளில் ஈய சல்பைடு இருப்பது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. பாதத்தில் பொட்டு வைக்கும் வழக்கம் உள்ளவர்களுக்குக் கால் வாய்க்குப் போகும் பருவத்தைச் சற்றுமுன் சொன்னேன். காதுக்குப் பின்னால் வைத்தால் பாட்டியும் மறுக்கமாட்டார்.

பல் முளைக்கும் வலிக்கு என்று விற்கப்படும் அம்பர் மணிமாலையை மட்டும் எந்த வகையிலும் சமாதானம் செய்துகொண்டு வாங்க வேண்டாம். பகல் உறக்கத்தில் அப்படிப்பட்ட மாலை இறுக்கி 18 மாதக் குழந்தை ஒன்று இறந்ததைச் சுட்டிக்காட்டி, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரில் பெற்றோரை எச்சரித்தது. சூப்பானைச் சட்டையோடு பிணைக்கும் நாடாவுக்கும் ஐரோப்பியத் தரவிதி 220 மில்லிமீட்டருக்குமேல் நீளம் அனுமதிப்பதில்லை. கழுத்தைச் சுற்றி வர முடியாத நீளம் என்பதே அதன் கணக்கு.

மின்னும் விளக்கு வைத்த தலைப்பட்டைகளும் பண்டிகைக் காலத்தில் வரும். அவற்றுக்குள் இருக்கும் பொத்தான் மின்கலம் விழுங்கப்பட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். கைக்குழந்தை உள்ள வீட்டுக்குள் அவை வரவே வேண்டாம்.

படி 6: கழற்ற வேண்டிய நேரம்

தூங்கும் குழந்தையின்மேல் அணிமணி எதுவும் இருக்கக் கூடாது. இரவில் அரைஞாணும்கூட இல்லாமல் இருப்பதையே நான் விரும்புவேன். ஸ்பிரிங் தூளியில் போட்டு ஆட்டும்போது தலைப்பட்டை முதலில் கண்ணுக்கும், பிறகு மூக்குக்கும், கடைசியில் கழுத்துக்கும் இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன். காரில் ஏறியதும் பலர் மறந்துவிடுவார்கள். இருக்கையில் பத்து நிமிடத்தில் குழந்தை உறங்கிவிடும், முன்னால் இருப்பவருக்கு அதன் கழுத்து தெரியாது. ஆகவே வார் பூட்டுவதற்கு முன்பே தலைப்பட்டையைக் கழற்றிவிடுங்கள்.

கழற்றியவற்றை ஒரு மூடியுள்ள டப்பாவில் போட்டு, மூடியின் உட்புறம் அவற்றின் கணக்கை எழுதி வையுங்கள்: பட்டை ஒன்று, கொலுசு இரண்டு, வளையல் இரண்டு. கோயிலுக்கோ விருந்துக்கோ போய் வந்த இரவில் எண்ணிப் பார்த்து, குறைந்தால் குழந்தையைப் படுக்க வைப்பதற்கு முன் மெத்தையையும் சட்டை மடிப்புகளையும் உதறிப் பாருங்கள்.