எம்பிபிஎஸ் கவுன்சலிங்: கல்லூரிப் பட்டியலை எப்படி அடுக்குவது?

நீட் ரிசல்ட் வந்த அன்றே வீட்டில் எழும் கேள்வி, "இந்த மார்க்குக்கு எந்த காலேஜ் கிடைக்கும்?" என்பதுதான். மார்க்கை வைத்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது. 2024-ல் 650 எடுத்தவரின் அகில இந்திய ரேங்க் இருபதாயிரத்தையும் தாண்டியது. 2025-ல் வினாத்தாள் கடினம். முதலிடமே 686-தான், 650-க்கு மேல் எடுத்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. "போன வருஷம் 600-ல் முடிஞ்ச காலேஜ்" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், பட்டியலில் எழுதாதீர்கள். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட ரேங்க்தான் உதவும். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு நீட் ரேங்க்; மாநில ஒதுக்கீட்டுக்குத் தமிழ்நாட்டின் மருத்துவச் சேர்க்கையை நடத்தும் தேர்வுக் குழு வெளியிடும் தரவரிசைப் பட்டியலில் உள்ள பொது ரேங்க், சமூகப் பிரிவு ரேங்க் இரண்டும்.

ஒரே பட்டியல் போதாது. அரசுக் கல்லூரிகளின் இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. அதை மத்திய அரசின் மருத்துவக் கவுன்சலிங் குழுவான எம்சிசி நடத்துகிறது. எய்ம்ஸ், ஜிப்மர், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் அங்கேதான் சாய்ஸ் கொடுக்க வேண்டும். மீதி 85 சதவீதமும், தனியார் கல்லூரிகள் அரசுக்குத் தரும் இடங்களும் தமிழ்நாட்டுத் தேர்வுக் குழுவிடம் வரும். மேனேஜ்மென்ட் கோட்டாவும் அதே குழுவிடம்தான், ஆனால் அதற்குத் தனி விண்ணப்பம். "கவர்ன்மென்ட் கோட்டா கிடைக்கலன்னா அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இருந்தவர்களுக்கு அப்புறம் வருவதற்குள் கடைசித் தேதி முடிந்துவிடும். வசதி இருந்து, சேரும் எண்ணமும் இருந்தால் இரண்டு விண்ணப்பங்களையும் ஒரே நாளில் போட்டுவிடுங்கள்.

முதலில் சான்றிதழ்

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதிகம் சறுக்கும் இடம் இது. கையில் இருக்கும் பிசி அல்லது எம்பிசி சாதிச் சான்றிதழ் மாநிலக் கவுன்சலிங்குக்கு மட்டும்தான் செல்லும். எம்சிசியில் ஓபிசி பிரிவில் 27 சதவீத ஒதுக்கீடு வேண்டுமென்றால், மத்திய அரசுப் படிவத்தில் கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாதவர் என்ற ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை வழியாகத் தாசில்தார் அலுவலகத்தில் வாங்கலாம். தேதி பழையதாக இருந்தால் ஏற்க மாட்டார்கள். எந்தத் தேதிக்குப் பின் வாங்கியிருக்க வேண்டும் என்று அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் இருக்கும். சாதி, மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மாநிலப் பட்டியலில் இருப்பதால் மட்டும் அங்கும் இருக்கும் என்றில்லை. இந்தச் சான்றிதழ் கிடைக்காது என்று தெரிந்தால், எம்சிசிக்கான கணக்கைப் பொதுப்பிரிவு ரேங்கை வைத்தே போட வேண்டும்.

அப்பா அல்லது அம்மா இஎஸ்ஐ காப்பீட்டில் இருந்தால், இஎஸ்ஐசி மருத்துவக் கல்லூரிகளில் காப்பீட்டாளர் பிள்ளைகளுக்கென்று தனி இடங்கள் உண்டு. தகுதி இருந்தும் இது தெரியாமல் விடும் தொழிலாளர் குடும்பங்கள் நிறைய.

கடைசி ரேங்கை நீங்களே எடுங்கள்

யூடியூபில் வரும் கட்-ஆஃப் அட்டவணையை நம்ப வேண்டியதில்லை. எம்சிசியும் தேர்வுக் குழுவும் ஒவ்வொரு சுற்றுக்கும் அலாட்மென்ட் பட்டியலை வெளியிடுகின்றன. கடந்த 2 ஆண்டுப் பட்டியல்களை இறக்கி எக்செல்லில் போடுங்கள். கல்லூரிப் பெயரை வடிகட்டி, பிறகு ஒதுக்கப்பட்ட பிரிவை வடிகட்டி, ரேங்க் வாரியாக அடுக்கினால் கடைசி வரிதான் அந்தக் கல்லூரி அந்தப் பிரிவில் முடிந்த ரேங்க்.

இதில் மூன்று இடங்களில் ஏமாறலாம். எம்சிசி பட்டியலில் விண்ணப்பதாரரின் பிரிவு, ஒதுக்கப்பட்ட பிரிவு என்று இரண்டு பத்திகள் இருக்கும். பார்க்க வேண்டியது ஒதுக்கப்பட்ட பிரிவை. ஓபிசி மாணவர் பொது இடத்தை எடுத்திருந்தால் அது பொது இடத்தின் கணக்கு. அடுத்து, மாற்றுத்திறனாளி இடங்களின் வரிகளை நீக்காவிட்டால் கடைசி ரேங்க் பல மடங்கு கீழே போய், எட்டாத கல்லூரி எட்டுவதுபோலத் தெரியும். மூன்றாவது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டு முடிவுகளைப் பொதுக் கவுன்சலிங் முடிவுகளோடு கலக்கக் கூடாது.

பிசி மாணவர் ஒருவரின் சமூக ரேங்க் 1,200 என்று வைத்துக்கொள்வோம். போன ஆண்டு 1,050-க்குள் முடிந்த கல்லூரிகள் எட்டுவது கடினம். 1,050 முதல் 1,350 வரை முடிந்தவை இழுபறி. இந்த ஆண்டு இடங்கள் கூடினாலோ குறைந்தாலோ எந்தப் பக்கமும் சாயும். அதற்குமேல் முடிந்தவை ஓரளவு உறுதி. இது துல்லியச் சூத்திரமில்லை, எங்கள் பட்டறிவில் வைத்திருக்கும் இடைவெளி. மூன்று வகையும் பட்டியலில் இருக்க வேண்டும். உறுதியான வகையில் குறைந்தது ஏழெட்டுக் கல்லூரிகளாவது இல்லாவிட்டால் அது ஆபத்தான பட்டியல். 2022-ல் தொடங்கிய 11 அரசுக் கல்லூரிகளை (விருதுநகர், நாமக்கல், அரியலூர், கள்ளக்குறிச்சி போன்றவை) பெயர் பிடிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

வாய்ப்பு வேறு, வரிசை வேறு

எதெல்லாம் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் கடைசி ரேங்க். எது முதலில் என்பதற்கு உங்கள் விருப்பம் ஒன்றே அளவுகோல். சென்னை மருத்துவக் கல்லூரி கிடைக்காது என்று தோன்றினாலும், பிடித்திருந்தால் முதல் இடத்தில் வையுங்கள்.

காரணம், மென்பொருள் வேலை செய்யும் விதம். ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுத்து, அவரது பட்டியலை மேலிருந்து கீழே படித்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போகும். மேலே எட்டாத கல்லூரிகள் இருபது இருந்தாலும் அவற்றைத் தாண்டி வருமே தவிர, உங்கள் முறை பின்னுக்குப் போகாது. மாறாக, தஞ்சாவூர் கிடைத்தால் போதும் என்று அதை முதலில் வைத்து மதுரையை இரண்டாவதாக வைத்தவருக்குத் தஞ்சாவூர்தான் வரும், மதுரையில் இடம் இருந்தாலும். கேட்டதைக் கொடுத்தார்கள்; கேட்டதுதான் தவறு.

இதே காரணத்தால், சேர மாட்டோம் என்று தெரிந்த எதையும் எழுதக் கூடாது. மாநிலக் கவுன்சலிங்கில் எம்பிபிஎஸ், பிடிஎஸ் இரண்டும் ஒன்றாக வரும். பல் மருத்துவம் படிக்க மனமில்லாதவர் பட்டியலை நீட்டுவதற்காக அதைச் சேர்த்தால், அதுவே வந்து நிற்கும்.

எதை வைத்து விரும்புவது?

கட்டடத்தைப் பார்க்காதீர்கள், மருத்துவமனையைப் பாருங்கள். முடிந்தால் ஒரு திங்கட்கிழமை காலை 9 மணிக்கு ஓபி வாசலில் போய் நில்லுங்கள். சீட்டு வாங்கும் வரிசை எவ்வளவு நீளம், மருத்துவ வார்டில் கட்டில்கள் நிரம்பியிருக்கின்றனவா, பிரசவ வார்டும் விபத்துப் பிரிவும் இரவிலும் இயங்குகின்றனவா என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். நோயாளி இல்லாத இடத்தில் எத்தனை கண்ணாடி ஆய்வகம் இருந்தாலும் கை பழகாது. சென்னை மருத்துவக் கல்லூரிக்கு எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையும் குழந்தைகள் மருத்துவமனையும் இணைந்திருப்பது பழைய பெருமைக்காக மட்டும் பேசப்படுவதில்லை. பயிற்சி மருத்துவர்கள் இரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள். பேராசிரியர்கள் வார்டுக்கு வருகிறார்களா என்று கேளுங்கள். வெளி மாநிலக் கல்லூரி என்றால், நோயாளியிடம் நோய் விவரம் கேட்க அந்த ஊர் மொழி வேண்டும். படித்து முடித்ததும் அரசுப் பணி செய்ய வேண்டும் என்ற கட்டாயப் பணி ஒப்பந்தம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதையும் படித்துவிடுங்கள்.

பணக் கணக்கை மறைக்காமல் பேசுங்கள். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீடு என்றால் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கு மேல். மேனேஜ்மென்ட் 13 லட்சத்துக்கு மேல். நிகர்நிலையில் பல இடங்களில் 20 லட்சத்தைத் தாண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு வாங்குகிறார்கள், விடுதியும் மெஸ்ஸும் கட்டாயமா என்று கேட்டு மொத்தத் தொகையை எழுதுங்கள். முதலாண்டுப் பணத்தைப் புரட்டிவிட்டு இரண்டாம் ஆண்டில் தவிக்கும் குடும்பங்கள் உண்டு. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வரும் மாணவர்களுக்கு இந்தப் பயம் வேண்டாம். தனியார் கல்லூரி அரசு இடத்துக்கும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பட்டியலில் தைரியமாகச் சேருங்கள்.

இரண்டாம் சுற்று

முதல் சுற்றில் கிடைத்த இடத்தில் சேர்ந்து, மேம்படுத்த விருப்பம் தெரிவித்தவர் புதுப் பட்டியல் கொடுக்க வேண்டும். அதில் கையில் இருப்பதைவிட நிச்சயமாகப் பிடித்தவை மட்டும் இருக்கட்டும். புது இடம் வந்த நொடியில் பழைய இடம் தானாகவே ரத்தாகிவிடும். திரும்பக் கேட்க வழியில்லை. முதல் சுற்றுப் பட்டியலை அப்படியே திரும்பப் போட்டு, இருந்ததைவிடக் கீழான கல்லூரிக்கு இறங்கியவர்கள் இருக்கிறார்கள்.

எம்சிசியில் முதல் சுற்றில் இழப்பில்லாமல் விலகலாம். இரண்டாம் சுற்றில் சேராவிட்டால் வைப்புத்தொகை போகும். நிகர்நிலைக்கு அது 2 லட்சம். மூன்றாம் சுற்றில் சேர்ந்தால் விலக முடியாது. மாநில விதிகளை அந்த ஆண்டுக் கையேட்டில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பட்டியலை பிரவுசிங் சென்டர்காரர் கையில் விடாதீர்கள். முதலில் தாளில் எழுதி, கல்லூரிக் குறியீட்டோடு ஒருவர் வாசிக்க இன்னொருவர் திரையில் சரிபாருங்கள். ஒரே ஊரில் அரசுக் கல்லூரியும் தனியார் கல்லூரியும் இருக்கும்போது பெயர் குழம்புவது சகஜம். கடைசி நாள் மாலை வரை காத்திருக்காமல் முந்தைய நாளே லாக் செய்து (பட்டியலை இறுதி செய்து), லாக் ஆன பக்கத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து, ஒரு பிரதி எடுத்து சான்றிதழ் ஃபைலில் வையுங்கள்.