மூக்கை விட்டு நிறுத்துவது சுலபம், எடுப்பதுதான் பாடு

புதிதாக கார் ஓட்டப் பழகும் ஒருவர் பார்க்கிங்கில் காலி இடத்தைப் பார்த்ததும் சர்ரென்று வண்டியின் மூக்கை, அதாவது முன்பக்கத்தை, உள்ளே விட்டு, "எதுக்கு சார் ரிவர்ஸ், இது எவ்வளவு சுலபம் பாருங்க" என்றார். நானும் ஒரு காலத்தில் இப்படிச் சொன்னவன்தான். ஹேண்ட்பிரேக் போட மறப்பது போன்றவற்றை நீங்களே பட்டுத் தெரிந்துகொள்வீர்கள், அதை விடுங்கள். நிறுத்தி எடுப்பதில் நடக்கும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

எடுக்கும்போது ஸ்டீயரிங்கைச் சீக்கிரமே ஒடிப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். திரும்புவது முன்சக்கரம். அதனால் ரிவர்ஸில் வண்டியின் பின்பக்கம் இடதுபுறம் வளைந்தால் மூக்கு வலதுபுறம் வீசும், ஆனால் அந்த நேரத்தில் நம் கண் மொத்தமும் பின்னால்தான் இருக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. இரண்டு பக்கமும் வண்டிகள், பாதி வெளியே வந்துவிட்டேன், பின்னால் யாரும் இல்லை என்ற தைரியத்தில் ஸ்டீயரிங்கை முழுசாக இடதுபக்கம் ஒடித்தேன். கர்ர்ரென்று ஒரு சத்தம். என் பம்பரின் மூலை வலதுபக்க வண்டியின் பின்கதவைக் கிழித்திருந்தது. பதறிப்போய் முன்னால் எடுத்தேன் பாருங்கள், அதே இடத்தில் இரண்டாவது கீறல்! இரண்டு வண்டிக்கும் பெயின்ட் செலவு என் தலையில்.

உங்கள் மூக்கு பக்கத்து வண்டியின் முனையைக் கிட்டத்தட்ட தாண்டும்வரை நேராகவே வாருங்கள். அதற்குப் பாதையில் இடம் போதாதா, சரி, கொஞ்சமாக ஒடியுங்கள், ஒடிக்கிற திசைக்கு எதிர்ப்பக்க முன்மூலையைப் பார்த்துக்கொண்டே. ரிவர்ஸில் உள்ளே போயிருந்தால் இந்த வீச்சு திறந்திருக்கும் பாதைப் பக்கம் போயிருக்கும், கிளம்பும்போது வருகிற வண்டியும் ஆளும் கண்ணெதிரே தெரிந்திருக்கும்.

ரிவர்ஸில் நிறுத்தியாச்சு, இனி கவலையில்லை என்பது

வெளியே வரும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாகக் குறுக்கே வரும். தூண் பக்கம் அவசரமாகத் திருப்பினால் பின்கதவு காலி.

ரிவர்ஸ் கேமராவை மட்டும் நம்புவது

முன்மூலை அதில் தெரியாது.

பின்னால் ஹாரன் கேட்டதும் அவசரப்படுவது

அடிக்கட்டும்.

எங்கேயும் ரிவர்ஸ்தான் என்று அடம்பிடிப்பது

சாய்வாகக் கோடு போட்ட கட்டங்கள் பெரும்பாலும் மூக்கை விட்டு நுழைவதற்கானவை. ஒருவழிப் பாதையில் அதற்குள் ரிவர்ஸில் போனால் கிளம்பும்போது எதிர்த்திசையைப் பார்த்து நிற்பீர்கள். அப்புறம் டிக்கி. நிறைய சாமான் ஏற்ற வேண்டிய நாளில் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு, திறக்க வழியில்லாமல் மூட்டைகளைப் பின்சீட் வழியாகத் திணித்தவனும் நான்தான்.