மூன்றாவது வேட்பாளரின் கொள்கையை வாசிகசாலையில் அலசுவது எப்படி

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் வந்தால் யாழ்ப்பாணத்து வாசிகசாலைகளில் இரண்டு பெயர்தான் அடிபடும். மூன்றாவது ஆளின் பெயர் பேப்பரின் உள்பக்கத்தில் ஒரு வரியோடு முடிந்துவிடும். உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளுக்கு உண்மையில் அந்த மூன்றாவது ஆள்தான் நல்ல பாடம். பெரிய கட்சிக்காரர் வரியைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று வாதிடுவார்கள். லிபர்டேரியன் கட்சி வேட்பாளரோ, இந்த வேலையை அரசாங்கம் ஏன் செய்யவேண்டும் என்று அடியிலிருந்து கேட்பார். அந்தக் கேள்வியைப் பழகிக்கொண்ட பிள்ளை எங்கள் ஊர்த் தேர்தல் விஞ்ஞாபனத்தையும் வேறு கண்ணால் பார்க்கும்.

சனசமூக நிலையம் ஒன்றில் இரண்டு மணித்தியாலத்தில் முடிக்கக்கூடிய மாதிரி இந்த முறையைத் தருகிறோம். 10 பேர் முதல் 30 பேர் வரை இருக்கலாம். ஆளுக்கொரு ஏ4 தாள், பேனை, கணக்குப் பார்க்க ஒரு கைப்பேசி போதும்.

ஆளைத் தெரிவதில் அவசரப்படவேண்டாம். 1971இல் தொடங்கிய லிபர்டேரியன் கட்சிக்குப் பல வேட்பாளர்கள் வந்து போயிருக்கிறார்கள். 2020இல் நின்ற ஜோ ஜோர்கன்சன், 2024இல் நின்ற சேஸ் ஒலிவர் ஆகியோரையும் எடுக்கலாம். ஆனால் முதல் தடவைக்கு 2016இன் கேரி ஜோன்சனை எடுங்கள். அவர் 1995 முதல் 2003 வரை நியூ மெக்சிகோ மாநில ஆளுநராக இருந்தவர், அப்போது குடியரசுக் கட்சிக்காரர். பதவிக் காலத்தில் 700க்கு மேற்பட்ட சட்டமூலங்களை மறுதலித்துத் திருப்பி அனுப்பினார். பேச்சை மட்டுமல்ல, செய்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய ஆள் என்பதால்தான் அவரைச் சொல்கிறோம்.

தொடங்கமுன் ஒரு சொல்லைத் தெளிவாக்கவேண்டும். எங்கள் பாடப்புத்தகங்களில் வருகிற தாராண்மைவாதம் வேறு, அமெரிக்காவில் இன்று லிபரல் என்று அழைக்கப்படுபவர் வேறு, லிபர்டேரியன் வேறு. அமெரிக்க லிபரல், மருத்துவத்துக்கும் கல்விக்கும் அரசு கூடுதலாகச் செலவழிக்கவேண்டும் என்பார். லிபர்டேரியன் அதற்கு நேரெதிர். அதே லிபர்டேரியன், கஞ்சா பாவிக்கிறவனை மறியலுக்கு அனுப்பாதே என்றும் சொல்வார். அங்கே பழமைவாதிகளோடு முட்டுவார். ஆகவே இடது, வலது என்ற கோட்டில் அவரை வைக்க முயன்றால் அரை மணித்தியாலம் வீணாகும். யாரும் யார்மீதும் முதலில் பலவந்தம் பிரயோகிக்கக்கூடாது, அரசாங்கமும் அப்படியே என்ற ஒரு வரியை வெண்பலகையில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து முளைப்பவை.

இப்போது தாளை நீளப்பாட்டுக்கு மூன்றாக மடிக்கவேண்டும். முதல் நிரலில், எதை நீக்கச் சொல்கிறார். இரண்டாவதில், அந்த இடத்துக்கு எது வரும். மூன்றாவதில், அதைச் செய்யும் அதிகாரம் யார் கையில். பெரும்பாலான பிள்ளைகள் முதல் நிரலை ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிட்டுப் பேனையை மூடுவார்கள். மூடவிடாதீர்கள். வேலை இருப்பது இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான்.

வரியில் தொடங்குவது நல்லது, கணக்குப் பார்த்து நிரூபிக்கலாம். ஜோன்சன் வருமான வரியை முற்றாக ஒழிக்கவேண்டும் என்றார், அதை அறவிடும் திணைக்களத்தையும் சேர்த்து. பதிலாக அவர் ஆதரித்தது ஃபெயர்டாக்ஸ் என்ற திட்டம், அதாவது நாடு முழுவதும் நுகர்வின்மீது ஒரே வரி. 1999இல் காங்கிரஸில் சட்டமூலமாக முதலில் முன்வைக்கப்பட்டது, இன்றுவரை நிறைவேறவில்லை. அதன் வீதம் 23 என்று சொல்லப்படுகிறது. இந்த 23இல்தான் எல்லோரும் விழுவார்கள்.

எங்கள் பெறுமதி சேர் வரி 18 வீதம் என்றால், 10,000 ரூபா மின்விசிறிக்கு மேலே 1,800 ரூபா சேர்ந்து பில் 11,800 ஆகும். அதே பழக்கத்தில் 23 வீதத்தையும் மேலே கூட்டி 12,300 என்று எழுதுவார்கள். பிழை. ஃபெயர்டாக்ஸின் 23 வீதம், வரியும் சேர்ந்த மொத்தத் தொகையில் 23 வீதம். அப்படியென்றால் 10,000ஐ 0.77ஆல் பிரிக்கவேண்டும். பில் 12,987 வரும், வரி 2,987. எங்கள் முறையில் சொன்னால் அது கிட்டத்தட்ட 30 வீதம். மறுவளமாக எங்கள் 18 வீதத்தை அவர்கள் முறையில் சொன்னால் 15.25தான். இந்த இரண்டு கணக்கையும் பிள்ளைகளைக் கொண்டே போடுவியுங்கள். ஒரே வரியை இரண்டு விதமாகச் சொல்லலாம், வேட்பாளர் சிறிய இலக்கத்தைத்தான் சொல்வார் என்பது அந்தப் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

அதோடு விட்டுவிட்டால் அநியாயம். ஏழைக் குடும்பம் என்ன செய்யும் என்ற கேள்விக்குத் திட்டத்தில் பதில் இருக்கிறது. வறுமைக் கோட்டளவுச் செலவுக்கு எவ்வளவு வரி வருமோ அந்தத் தொகையை ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதாமாதம் முற்பணமாகக் கொடுப்பது. பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் வரியா என்று யாரோ ஒருவர் கட்டாயம் கேட்பார். இல்லை, புதுச் சாமானுக்கும் சேவைக்கும் மட்டும்தான். சம்பளத்தில் கழிக்கும் சமூகப் பாதுகாப்பு வரியும் கம்பனி வரியும் இதோடு போய்விடும். மாநிலங்கள் அறவிடும் விற்பனை வரி தனியாக இருக்கும். இவ்வளவும் இரண்டாவது நிரலில் ஏறவேண்டும். மூன்றாவது நிரலில் காங்கிரஸ் என்று எழுதுங்கள். ஜனாதிபதி கையெழுத்திடலாம் அல்லது மறுக்கலாம். வரியைத் தனியே மாற்ற முடியாது. அவரது மறுப்பையும் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை இருந்தால் தள்ளிவிடலாம். அந்தக் காங்கிரஸில் தன் கட்சிக்கு ஆளே இல்லாத ஜனாதிபதி எவ்வளவு தூரம் போவார் என்று இந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது வெளிநாட்டுக் கொள்கை. யாழ்ப்பாணத்தில் இதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்கவேண்டும். மற்ற நாட்டு ஆட்சிகளை மாற்றுவதற்கு அமெரிக்கப் படை போகக்கூடாது என்பது ஜோன்சனின் நிலைப்பாடு. ஜோர்கன்சன் அமெரிக்காவை ஆயுதமுள்ள, நடுநிலையான சுவிற்சர்லாந்து மாதிரி ஆக்கவேண்டும் என்றார். படையைக் குறை, காணியை அரசு பறிக்காதே, பிடியாணை இல்லாமல் உளவு பார்க்காதே என்பதெல்லாம் வலிகாமம் வடக்கில் காணி விடுபடக் காத்திருந்தவர்களுக்கும், 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் பிள்ளையைத் தேடி அலைந்த தாய்மாருக்கும் நெஞ்சில் படும் வார்த்தைகள். அரசின் உளவு அதிகாரத்தைக் கூட்டிய 2001இன் பேட்ரியட் சட்டத்தை நீக்கவேண்டும் என்று ஜோன்சன் சொன்னதைக் கேட்டவுடனேயே கூட்டம் அவர் பக்கம் சாயும். சாயட்டும். சாய்ந்த பிறகு இரண்டாவது நிரலைக் கேளுங்கள்.

2012, 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை தொடர்பான தீர்மானங்களை முன்னின்று கொண்டுவந்தது அமெரிக்கா. லிபர்டேரியன் கட்சியின் கொள்கைப் பத்திரமோ, வெளிநாட்டுத் தலையீட்டை நிறுத்தவேண்டும், படை உதவியையும் பொருளாதார உதவியையும் சேர்த்து நிறுத்தவேண்டும் என்கிறது. தீர்மானம் கொண்டுவருவது படை அனுப்புவது அல்ல. ஒரு லிபர்டேரியன் அதைக் கட்டாயம் எதிர்ப்பார் என்று அடித்துச் சொல்லமுடியாது. ஆனால் தீர்மானத்துக்குப் பின்னால் நிற்கிற அழுத்தம் எது? உதவியை நிறுத்துவேன் என்று ஒரு அரசு சொல்லக்கூடிய நிலைதான். உதவியே கொடுக்காத அரசுக்கு அந்தப் பிடியும் இல்லை. ஈராக்குக்குப் போன கையும் ஜெனீவாவில் உயர்ந்த கையும் ஒரே உடம்பின் கைகள். ஒன்றை மட்டும் வெட்டச் சொல்லி இந்தக் கட்சியிடம் கேட்க முடியாது. இந்த இடத்தில் வாக்குவாதம் சூடாகும், ஆகவே அரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நிரல் இங்கே வேறுவிதமாக நிரம்பும். படைகளைத் திருப்பி அழைப்பது பெரும்பாலும் முப்படைத் தளபதி என்ற முறையில் ஜனாதிபதியின் கையிலேயே இருக்கிறது. பணம் ஒதுக்குவது காங்கிரஸ்.

கஞ்சாவை விரைவாகப் பார்த்துவிடலாம். மாதகல் தொடக்கம் வடமராட்சி வரை கடற்கரையில் கேரளக் கஞ்சா பிடிபடும் செய்தி இல்லாத வாரமில்லை என்பதால் கூட்டத்துக்கு இது புதிதல்ல. ஜோன்சன் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கி, சாராயம் மாதிரி ஒழுங்குபடுத்தி வரி அறவிடச் சொன்னார். மற்றப் போதைப்பொருளைப் பொலிஸ் பிரச்சினையாகவல்ல, சுகாதாரப் பிரச்சினையாகப் பார்க்கச் சொன்னார். ஐஸ் போதையால் குடும்பம் சிதைந்ததைக் கண்டவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள், அவர்களைப் பேசவிடுங்கள். தண்டனையை நீக்கிய இடத்தில் சிகிச்சை நிலையம் யார் காசில் வரும் என்ற கேள்வி அவர்களிடமிருந்துதான் வரும்.

கல்வியில் அவர் கேட்டது மத்திய கல்வித் திணைக்களத்தை மூடுவது. இதைக் கேட்டவுடன் பள்ளிக்கூடத்தை மூடுவதாக நினைக்கவேண்டாம். அந்தத் திணைக்களம் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அங்கே பள்ளிக்கூடங்களை நடத்துவது மாநிலங்களும் உள்ளூர்ச் சபைகளும்தான். 1945 தொடக்கம் இலவசக் கல்வியில் வளர்ந்த எங்கள் காதுக்கு அது வேறுமாதிரிக் கேட்கும் என்பதைத் தலைமை தாங்குபவர் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

குடிவரவில் ஒரு பொதுவான தவறு. மெக்சிகோ எல்லையில் மதில் வேண்டாம், விசாவை இலகுவாக்கு என்று அவர் சொன்னதைக் கேட்டு, நியூ ஜேர்சியில் இருக்கும் அண்ணா இனிச் சுகமாகக் கூப்பிடலாம் என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள். அவர் பேசியது வேலை விசா. பின்னணிச் சோதனை முடித்து, சமூகப் பாதுகாப்பு அட்டையோடு வேலை செய்து வரி கட்டுவதற்கான வழி. குடும்ப ஸ்பொன்சர் வேறு பிரிவு.

எல்லாவற்றையும் மாநிலங்களிடம் விடு என்ற பேச்சு வரும்போது அவதானம் தேவை. சமஷ்டி என்ற சொல் எங்களிடம் கனமானது. 1949இல் தொடங்கிய தமிழரசுக் கட்சியைச் சமஷ்டிக் கட்சி என்றே அழைத்தார்கள். அமெரிக்க மாநிலத்துக்குக் கிடைக்கும் அதிகாரத்தைக் கேட்டவுடன் இலங்கையில் மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆம் திருத்தத்தோடு பொருத்திப் பார்ப்பது இயல்பு. ஆனால் லிபர்டேரியனுக்கு மாநிலம் என்பது ஒரு மக்கள் கூட்டத்தின் வீடு அல்ல, மத்திய அரசைச் சிறிதாக்கும் கருவி. அவருடைய கணக்கில் உரிமை தனி ஆளுக்குத்தான். மொழிக்கு, இனத்துக்கு, தாயகத்துக்கு என்று கூட்டு உரிமை எதுவும் அந்தக் கொள்கைக்குள் இல்லை. எங்கள் அரசியலின் அடிப்படைக் கோரிக்கை கூட்டு உரிமை. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமல் அவரை எங்கள் ஆள் என்று கொண்டாடுவதும் தவறு, அவரது தனிநபர் உரிமைப் பேச்சைத் தூக்கி எறிவதும் தவறு.

ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் திகதி எழுதவேண்டும். இதை விட்டால் தாள் முழுவதும் கெட்டுவிடும். 2012இல் ஜோன்சன் அரசாங்கச் செலவை 43 வீதம் குறைப்பேன் என்றார். அதை 2016இன் வாக்குறுதியாக எழுதினால் பிழை. 2016 ஓகஸ்டில் காபன் கட்டணம், அதாவது காபன் வெளியேற்றத்துக்கு அறவிடும் கட்டணம் பற்றிச் சாதகமாகப் பேசிவிட்டுச் சில நாட்களிலேயே பின்வாங்கினார். வேட்பாளரையும் கட்சியையும் குழப்பவும் கூடாது. 2016இல் ஜோன்சன் கருக்கலைப்பைப் பெண்ணின் முடிவு என்றார், 1988இல் இதே கட்சியில் நின்ற ரொன் போல் கருக்கலைப்பை எதிர்த்தவர். கட்சியோ இது பற்றிய தன் வாசகத்தையே 2022இல் கொள்கைப் பத்திரத்திலிருந்து எடுத்துவிட்டது. போர் நடந்துகொண்டிருந்த சிரிய நகரான அலெப்போவைப் பற்றிக் கேட்டபோது, அலெப்போ என்றால் என்ன என்று 2016 செப்டெம்பரில் ஜோன்சன் தொலைக்காட்சியில் கேட்டது உலகம் முழுக்கப் பரவியது. அதைப் பிள்ளைகள் தேடி எடுத்துக்கொண்டு வருவார்கள். தாளின் ஓரத்தில் எழுதிவிட்டுக் கொள்கைக்குத் திரும்புங்கள்.

கடைசி அரை மணித்தியாலம் வாக்களிப்பு. 2016இல் ஜோன்சனுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 45 லட்சம் வாக்கு, 3.3 வீதம். 50 மாநிலங்களிலும் தலைநகரிலும் வாக்குச்சீட்டில் பெயர் இருந்தும், ஜனாதிபதியை இறுதியில் தெரிவுசெய்யும் மாநிலத் தேர்வாளர்களின் வாக்கு ஒன்றுகூட இல்லை. கருத்துக்கணிப்பில் 15 வீதம் எட்டாததால் பெரிய விவாத மேடையும் கிடைக்கவில்லை. எங்கள் 2024 ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் 2 லட்சத்து 26 ஆயிரத்துக்கு மேல் எடுத்ததை எல்லோரும் அறிவார்கள். வெல்லாத வேட்பாளருக்குப் போடுவது வாக்கை வீணாக்குவதா என்று வீடு வீடாகக் கேட்கப்பட்ட கேள்வி அங்கேயும் அதேதான். ஆனால் வாக்குச்சீட்டு வேறு.

இதைச் செய்து காட்டலாம். 30 பேருக்கு மூன்று பெயர் கொண்ட துண்டைக் கொடுத்து, முதலில் ஒரே ஒரு புள்ளடி போடச் சொல்லுங்கள். உதாரணமாக 14, 12, 4 என்று வந்தால், அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் 14 வென்றுவிட்டது. இரண்டாவது துண்டில் எங்கள் முறைப்படி 1, 2, 3 என்று விருப்பு வாக்குப் போடவையுங்கள். பாதிக்கு மேல், அதாவது 16, யாருக்கும் இல்லை. நாலு வாக்குக்காரர் வெளியேற, அவரது சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து 2 எங்கே என்று உரத்து வாசிக்கவேண்டும். மூன்று சீட்டில் 12காரருக்கு 2 இருந்து, ஒன்றில் 1 மட்டும் இருந்தால், முடிவு 15க்கு 14. வென்றவர் மாறிவிட்டார். 2024 செப்டெம்பரில் இலங்கையில் முதற்தடவையாக விருப்பு வாக்கு எண்ணப்பட்டபோது முதலிடம் மாறவில்லை. அமெரிக்காவில் மெய்ன், அலாஸ்கா மாநிலங்களில் ஜனாதிபதித் தேர்தலுக்கும் இப்படி இலக்கமிடும் முறை உண்டு.

இரண்டு கவனம்: முதல் துண்டுகளை இரண்டாவது முடியும்வரை எண்ணக்கூடாது, எண்ணினால் பிள்ளைகள் முடிவைப் பார்த்து 2ஐ மாற்றுவார்கள். இரண்டு பேருக்குப் புள்ளடி போட்ட சீட்டைத் தனியாக எடுத்துவைத்து, ஏன் செல்லாது என்று எல்லோருக்கும் காட்டுங்கள். 30 பேரில் ஒன்றிரண்டு அப்படி வரும்.