கல்விச் செலவையும் தொடக்கச் சம்பளத்தையும் எடைபோடுவது எப்படி?

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் ஒரு பக்கம் கட்டணப் பட்டியலையும் மறுபக்கம் கல்லூரி விளம்பரப்படுத்தும் ஆண்டுச் சம்பளத்தையும் வைத்துப் பார்க்கிறோம். எதிரெதிரே நிறுத்த வேண்டியவை இவையல்ல. மாதந்தோறும் கட்டப்போகும் தவணையும் மாதந்தோறும் கைக்கு வரும் தொகையும்தான்.

முதலில் கல்விக் கட்டணம், விடுதி, புத்தகம், தேர்வு, பயணம் ஆகிய செலவுகளைப் படிப்பு முடியும் ஆண்டு வரை கூட்டி, உறுதியான உதவித்தொகையை மட்டும் கழியுங்கள். மதிப்பெண்ணைப் பொறுத்துப் புதுப்பிக்கப்படும் உதவித்தொகை என்றால், முதலாண்டுத் தொகையை மட்டும் கழிப்பதே பாதுகாப்பானது.

கடன் வாங்குவோர் இங்கே நிதானிக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 25,000 வீதம் 4 ஆண்டுகளில் 1,00,000 கடன் பெறுவதாகவும், 10 சதவீத வட்டி ஆண்டுதோறும் அசலோடு சேர்வதாகவும் கொள்வோம். படிப்பு முடியும் நாளில் அந்தக் கடன் ஏறத்தாழ 1,27,600 ஆகியிருக்கும். அதை 10 ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை சுமார் 1,690; மொத்தத்தில் நீங்கள் கட்டுவது 2,02,000-ஐத் தாண்டும், அதாவது வாங்கியதைப் போல இரு மடங்கு. படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டுமாவது கட்டிவந்தால் அசல் வளராது; தவணையும் சுமார் 1,320 ஆகக் குறையும். வசதியுள்ள குடும்பங்கள்கூட இதைத் தவறவிடுவது வருத்தமளிக்கிறது.

சம்பளப் பக்கத்தில் சராசரியை நம்பாதீர்கள். 9 பேர் ஆண்டுக்கு 3 லட்சமும் ஒருவர் 33 லட்சமும் பெற்றால் சராசரி 6 லட்சம் என்று வரும். அந்த 6 லட்சத்தை வாங்குபவர் எவருமில்லை. இடைநிலைச் சம்பளம், அதாவது எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் பெறுவது, எவ்வளவு, படிப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேளுங்கள்.

அறிவிக்கப்படும் ஆண்டுச் சம்பளத் தொகுப்பில் நிறுவனம் ஓய்வுக்கால நிதிக்குச் செலுத்தும் பங்கு, காப்பீட்டுக் கட்டணம், நிச்சயமில்லாத ஊக்கத்தொகை ஆகியவையும் சேர்ந்திருக்கலாம். தவணையைக் கட்ட முடியுமா என்று பார்க்கும்போது, இவற்றையும் வரி, வாடகை ஆகியவற்றையும் நீக்கிவிட்டு மிஞ்சும் பணத்தை மட்டுமே எண்ணுங்கள். ஆனால் இரண்டு வேலைகளை ஒப்பிடும்போது இந்தச் சலுகைகளுக்கும் விலை போட வேண்டும். ஒரு வேலையில் கைக்கு 25,000 மட்டும் வருகிறது. மற்றதில் 23,000-உடன், தனியாக வாங்கினால் மாதம் 1,500 ஆகக்கூடிய மருத்துவக் காப்பீடும் ஓய்வுக்கால நிதிக்கு 1,200-உம் கிடைக்கின்றன என்றால், இரண்டாவது வேலையின் மதிப்பு 25,700. காப்பீடு பெற்றோரையும் உள்ளடக்குமா, இடையில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டுமா என்பதையும் கையெழுத்திடும் முன் படித்துவிடுங்கள்.

தவணை, கைக்கு வரும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் செலவு குறைந்த கல்லூரியைத் தேடுவதே என் பரிந்துரை. வேலை கிடைக்க 6 மாதம் தாமதமானால் தவணை எப்போது தொடங்கும் என்பதை, கடன் வாங்கும் முன்பே வங்கியிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.